ஒரு நாள் கூலி தூரத்தில் டாக்டர்

மரக்காணம் உப்பளக் கரையிலிருந்து தொலை மருத்துவத்தின் நூற்றாண்டுக் கதை

மரக்காணத்தில் உப்பு வாரும் வேலை விடியலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் கண்ணைத் திறந்து நிற்க முடியாது. மேலே சூரியன், கீழே உப்பின் வெண்மை. அதனால் இருட்டோடு இறங்கி, உச்சி வெயிலுக்குள் கரையேறப் பார்ப்பார்கள். நீண்ட கழியில் பொருத்திய பலகையால் உப்பை வாரி வரப்போரம் ஒதுக்க வேண்டும். ஈரம் வடிந்ததும் கூடையில் அள்ளி, தலைச்சுமையாகக் கொண்டுபோய் அம்பாரத்தில் கொட்ட வேண்டும். சுமப்பவர்களில் பெண்கள் அதிகம். உப்புநீரில் ஊறிய பாதத்தின் வெடிப்பு ஆறுவதற்குள் மறுநாள் வேலை வந்துவிடும்.

உடம்பு இதற்குக் கொடுக்கும் விலை பாதத்தோடு நிற்பதில்லை. தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 300-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்த ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பெரும்பாலோர் பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் உழைப்பதையும், ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்திருப்பதையும் கண்டார்கள். ஒதுங்க இடமில்லை என்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வது அளத்துப் பெண்களுக்குப் பழகிப்போன ஒன்று. பிரஷர், ஷுகர், கண் எரிச்சல், மூட்டுவலி என்று பட்டியல் நீளும். பட்டியலில் யாரும் சேர்க்காதது மனம்.

காய்ச்சல், தலைவலிக்கு உள்ளூரிலேயே அரசு மருத்துவம் உண்டு. அதற்கு மேல் போனால் தெற்கே புதுச்சேரி, மேற்கே விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம், வடக்கே சென்னை. புதுச்சேரி 40 கிலோமீட்டர்கூட இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். ஆனால் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டருக்கு ஒரு வரிசை, ரத்தப் பரிசோதனைக்கு ஒரு வரிசை, மருந்துக்கு ஒரு வரிசை. வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். அன்றைய கூலி போயிருக்கும். துணைக்கு வந்தவரின் கூலியும் போயிருக்கும்.

ஆக, மரக்காணத்துக்கும் டாக்டருக்கும் இடையே இருக்கும் தூரம் ஒரு நாள் கூலி. சில நேரம் இரண்டு. தந்தி, டெலிபோன், ரேடியோ, டி.வி., செயற்கைக்கோள், செல்போன் என்று ஒவ்வொன்றும் வந்தபோது, மருத்துவத்தில் இனி தூரமே இல்லை என்று சொன்னார்கள். கூலி தூரம் குறைந்ததா என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி.

ஒன்றரைக் கிலோமீட்டர் கம்பி

1905-இல் நெதர்லாந்தின் லைடன் நகரத்தில் வில்லம் ஐந்தோவன் என்ற மருத்துவ விஞ்ஞானிக்கு ஒரு சிக்கல். இதயத் துடிப்பைக் கோடாக வரையும் அவருடைய கருவி பிரம்மாண்டமானது. அதை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக முடியாது. நோயாளிகளை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து வருவதும் கஷ்டம். டெலிபோன் கம்பி வழியாக, ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆஸ்பத்திரி நோயாளியின் இதய மின்துடிப்பைத் தன் கூடத்துக்கே வரவழைத்தார். இன்று தாலுகா ஆஸ்பத்திரியில் எடுத்த இ.சி.ஜி.யை வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கருத்துக் கேட்பதற்கு மூலம் அந்தக் கம்பி.

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பண்ணைகளுக்கு 1928-இல் பறக்கும் டாக்டர் சேவை வந்தது. விமானம் தயார், டாக்டர் தயார். ஆனால் கரன்ட் இல்லாத பண்ணையிலிருந்து டாக்டரை எப்படிக் கூப்பிடுவது? ஆல்ஃபிரட் ட்ரேகர் என்ற பொறியாளர் 1929-இல் பெடல் ரேடியோவைக் கொண்டுவந்தார். காலால் மிதித்தால் மின்சாரம், வாயால் பேசினால் டாக்டர். பிறகு 1940-களில் பண்ணைதோறும் ஒரு மருந்துப்பெட்டி வைத்தார்கள். ஒவ்வொரு மருந்துக்கும் எண். ரேடியோவில் டாக்டர் எண்ணைச் சொன்னால் போதும், பண்ணைக்காரர் அந்தப் புட்டியை எடுத்துக்கொள்வார். பேச்சு போய்ச் சேருமிடத்தில் மருந்து ஏற்கெனவே காத்திருந்தது. அந்தச் சேவை நிலைத்ததற்கு விமானத்தைப் போலவே அந்தப் பெட்டியும் காரணம்.

மனநோய்க்கு டி.வி.யைப் பயன்படுத்திப் பார்த்தவர்கள் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மனநல நிறுவனத்தார். சிசில் விட்சன் தலைமையில் 1959-இல் இருவழி டி.வி. மூலம் குழு சிகிச்சை நடத்தினார்கள். 1964-இல் சுமார் 180 கிலோமீட்டர் தள்ளியிருந்த நார்ஃபோக் அரசு மனநல மருத்துவமனையோடு இணைப்புப் போட்டார்கள். திரையில் தெரியும் டாக்டரிடம் நோயாளி மனம் திறந்து பேசுவாரா என்ற சந்தேகத்துக்கு அப்போதே பதில் கிடைத்துவிட்டது: பேசுவார்.

பூட்டை உடைத்த ஒலிபெருக்கி

நம் கரைக்கு வருவோம். 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் திறந்தது. வில்லியனூர் தலைமையிடம். மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, ஊர் நடுவே ஒலிபெருக்கியில் தமிழில் வாசித்தார்கள். கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார வேண்டிய அவசியம் மீனவருக்கு இல்லை. வலை சரிசெய்துகொண்டிருக்கும்போதே செய்தி காதில் விழும்.

2004 டிசம்பர் 26 காலை. புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள நல்லவாடு ஊரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் டி.வி.யில் சுனாமிச் செய்தியைப் பார்க்கிறார். உடனே ஊருக்குப் போன் போடுகிறார். இங்கே இருந்தவர்கள் தகவல் மையத்தின் பூட்டை உடைத்து, ஒலிபெருக்கியில் எல்லோரையும் வெளியேறச் சொல்கிறார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர் உயிர் தப்பியது. இந்தக் கரையில் ஒரு போன் அழைப்பு என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அந்த அழைப்பு வெளியிலிருந்து ஊரைத் தேடி வந்தது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

சூணாம்பேட்டுக்கு வந்த வேன்

இந்தியாவில் தொலை மருத்துவம் பெயர் சொல்லித் தொடங்கியது 2000 மார்ச்சில். ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராமத்தில் அப்போலோ அமைத்த மையத்தை அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் தொடங்கிவைத்தார். 2001-இல் இஸ்ரோ செயற்கைக்கோள் இணைப்பைத் தரத் தொடங்கியது. இவையெல்லாம் செய்தித்தாளில் படித்த சங்கதிகள். மரக்காணத்துக்காரர்கள் கண்ணால் பார்க்கும் தூரத்துக்குத் தொலை மருத்துவம் வந்தது 2006-இல், வடக்கே இருக்கும் சூணாம்பேட்டில்.

சென்னை டாக்டர் வி. மோகனின் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் உலக நீரிழிவு அறக்கட்டளையின் நிதியோடும், இஸ்ரோவின் செயற்கைக்கோள் இணைப்போடும் ஒரு வேனை அனுப்பியது. கூரையில் டிஷ். உள்ளே இ.சி.ஜி., காலின் உணர்ச்சியைச் சோதிக்கும் கருவி, விழித்திரையைப் படமெடுக்கும் கேமரா. கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கொஞ்ச நேரம் உட்கார வைப்பார்கள். கண்பாப்பா விரிந்ததும் வேனின் அரை இருட்டில் தாங்கியில் முகவாயை வைக்க வேண்டும். பளிச்சென்று ஒரு வெளிச்சம். விழித்திரையின் ரத்தக்குழாய்கள் சிவப்பும் ஆரஞ்சுமாகத் திரையில் விரியும். அந்தப் படம் வானத்துக்குப் போய்ச் சென்னையில் இறங்கும். அங்கே இருக்கும் நிபுணர் பார்த்து, ஷுகர் கண்ணைத் தொட்டுவிட்டதா என்று சொல்வார்.

சுற்றுவட்டாரத்தில் 42 கிராமங்கள். 20 வயதுக்கு மேற்பட்டவர்கள் 27,014 பேர். அவர்களில் 23,380 பேரைப் பரிசோதித்தார்கள். வேன் ஊருக்குள் வந்ததாலும், வீடு வீடாக அழைத்துவர உள்ளூர்க்காரர்களே பயிற்சி பெற்றிருந்ததாலும் நடந்தது அது. நகரத்தில் இலவச முகாம் போட்டாலும் நூற்றுக்கு 86 பேர் வருவதில்லை. 1,138 பேருக்கு நீரிழிவும், 3,410 பேருக்கு அதன் முன்நிலையும் தெரியவந்தன. ஊரிலேயே சிகிச்சை மையம் அமைந்தது. மூன்று மாதச் சராசரி ஷுகரைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. அளவு ஒரே ஆண்டில் 9.3-லிருந்து 8.5-க்கு இறங்கியது.

இதையெல்லாம்விட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. மேல் சிகிச்சைக்கென்று சென்னைக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. மற்றவர்களுக்குச் சென்னை போய்வரும் நாளின் கூலி மிச்சம்.

சங்கிலியும் பஸ்ஸும்

மனநோயாளியின் குடும்பத்துக்குக் கூலியோடு இன்னொரு செலவும் சேர்கிறது: ஊர் வாய். இந்த இரண்டுக்கும் அஞ்சிக் கோயிலுக்கும் தர்காவுக்கும் கொண்டுபோய் விடுவார்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் கருகி இறந்தார்கள். நாட்டையே உலுக்கிய அந்தச் சாவுகளுக்குப் பின்னால் இருந்த கேள்வி எளிமையானது: அந்தக் குடும்பங்களின் பக்கத்தில் ஒரு மனநல டாக்டர் ஏன் இல்லை?

2015-16-இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே நிற்பதாகச் சொன்னது. எல்லா ஊருக்கும் ஒரு டாக்டரை அனுப்ப நம்மிடம் டாக்டர்கள் இல்லை.

டாக்டர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு, சுனாமிக்குப் பின் 2005-இல் தொலை மனநல சிகிச்சைக்கு வந்தது. 2010-இல் அந்த அமைப்பின் டாக்டர் தாராவும் சகாக்களும் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பஸ்ஸை ஓட்டினார்கள். பஸ்ஸுக்குள் ஒரு சின்ன அறை, திரை, கேமரா. சென்னையில் உட்கார்ந்திருக்கும் மனநல மருத்துவர் நோயாளியோடும் வீட்டாரோடும் பேசுவார். பேசி முடித்து இறங்கும்போதே பஸ்ஸிலிருக்கும் மருந்தகத்தில் மாத்திரையை இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். பஸ் வராத நாட்களில் உள்ளூர்ப் பணியாளர்கள் வீட்டுக்குப் போய் மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பார்கள். ஊர் கூடும் இடத்தில் மனநோய் பற்றிய படமும் போட்டார்கள். படம் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு டாக்டரைப் பார்த்துவிட்டுப் போகலாம். ஊர் வாய்க்கு அது பதில்.

ஆஸ்திரேலியப் பண்ணையின் மருந்துப்பெட்டி இங்கே சக்கரம் கட்டிக்கொண்டு வந்ததுபோல் இருந்தது.

மீட்டர் ஓடும் கூண்டில் மனம் திறக்குமா?

பஸ்ஸையும் திரையையும்விடச் சாதாரணக் கருவி டெலிபோன். லண்டன் பாதிரியார் சாட் வாரா 1953-இல் தொடங்கிய சமாரிட்டன்ஸ், தற்கொலை எண்ணத்தோடு இருப்பவருக்குப் பேச ஓர் ஆள் போதும் என்று காட்டியது. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் ஸ்நேகாவைத் தொடங்கினார். சென்னையில் போன் இருந்தது. மரக்காணம் போன்ற ஊர்களுக்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் எஸ்.டி.டி. பூத் வந்தது. மளிகைக் கடையின் ஓரத்தில் கண்ணாடிக் கூண்டு, தலைக்கு மேல் சிவப்பு எழுத்தில் ஓடும் மீட்டர், வெளியே காத்திருக்கும் நாலு பேர். அங்கே நின்று சொந்தக்காரர் சாவைச் சொல்லலாம். சாக வேண்டும்போல் இருக்கிறது என்று சொல்ல முடியுமா?

செல்போன் கூண்டை உடைத்தது. ஆனால் இன்றைக்கும் பல வீடுகளில் ஸ்மார்ட்போன் ஒன்றுதான். அது கணவர் கையிலோ, படிக்கும் பிள்ளை கையிலோ இருக்கும். ஒரே அறை வீட்டில் வீடியோ காலில் டாக்டரிடம் அழ முடியாது. பட்டன் போனை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்கு நடந்தால் பேசலாம். விலை உயர்ந்த கருவி எப்போதும் நல்ல கருவியாக இருப்பதில்லை.

இதற்கு அசைக்க முடியாத ஆதாரம் ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து ஊர்களில், தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு அதனோடு ஒரு மணி நேரப் பேச்சும், வீடு திரும்பிய பிறகு 18 மாதங்களில் 9 முறை விசாரிப்பும். போனிலோ நேரிலோ, சுருக்கமாக: எப்படி இருக்கிறீர்கள், ஏதாவது உதவி வேண்டுமா? 2008-இல் முடிவு வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையில் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம்.

செயற்கைக்கோள் இல்லை, கேமரா இல்லை. யாரோ ஒருவர் மறக்காமல் கேட்டார், அவ்வளவுதான். அந்த 9 முறையும் நோயாளி தேடிப் போகவில்லை. அவரைத் தேடி வந்தார்கள்.

காத்திருக்கும் எண்

2020 மார்ச் 25, ஊரடங்கின் முதல் நாள். அன்றுதான் இந்தியாவின் தொலை மருத்துவ வழிகாட்டு விதிகள் வெளியாயின. போனிலோ வீடியோவிலோ எழுத்திலோ டாக்டர் ஆலோசனை சொல்லலாம், மருந்து எழுதலாம் என்று முதல்முறையாகச் சட்ட உறுதி கிடைத்தது. போதைத் தன்மையுள்ள மருந்துகளுக்கு மட்டும் தடை. அடுத்த மாதமே வீட்டிலிருந்து டாக்டரைப் பார்க்கும் இ-சஞ்சீவனி ஓ.பி. சேவை வந்தது. அதன் முதல் 10 லட்சம் ஆலோசனைகளில் தமிழ்நாட்டுக்கு முதலிடம்.

2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. "அக்கா, மாத்திரை தீந்துடுச்சா? இப்படி உக்காருங்க, பிரஷர் பாத்துடறேன்" என்று வாசலில் வந்து நிற்கும் பெண்ணிடம் மருந்துப்பையும் இருக்கிறது, கணக்கெழுத ஆப்பும் இருக்கிறது. ஷுகர், பிரஷர் மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் கூலி தூரத்தை அதிகம் குறைத்த திட்டம் இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

மனதுக்கு 2022 அக்டோபரில் டெலி மானஸ் வந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் வழிநடத்தும் தேசியத் திட்டம். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில், 14416 என்ற எண்ணில் இயங்குகிறது. இரவு பகல் எந்நேரமும், கட்டணமில்லாமல், தமிழில் பேசலாம். நாடு முழுவதும் 2025-க்குள் 20 லட்சம் அழைப்புகளைத் தாண்டிவிட்டது.

நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த எண் காத்திருக்கும் எண். தனக்கு இருப்பது நோய் என்று தெரிந்தவர், அதற்கு உதவி உண்டு என்று அறிந்தவர், பேசத் தனியிடம் கிடைத்தவர் அழைக்கலாம். தூக்கம் வராமல் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் உப்பளப் பெண்ணுக்குத் தெரிந்தது 'மனசு சரியில்ல' என்பது மட்டும். அதற்குப் போன் செய்யலாம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

போனால் முடியாத வேலைகளும் உண்டு. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மெத்தனால் பார்வை நரம்பையும் மூளையையும் தாக்கும். அங்கே மணிக்கணக்கில் உயிர் தீர்மானமாகிறது. வேண்டியது 108 ஆம்புலன்ஸும் தீவிர சிகிச்சைப் படுக்கையும். திரையில் தெரியும் முகத்தால் பயனில்லை. ஆனால் அந்தச் சாராயத்தைத் தேடிப் போன குடிப்பழக்கம் ஒரே இரவில் வந்ததில்லை. குடியை விட விரும்பும் ஒருவரை மாதக்கணக்கில் விடாமல் பிடித்துக்கொள்ளப் போன் நல்ல கருவி.

யார் யாரை அழைப்பது?

அரசு தானே முன்வந்து அழைத்த முன்னுதாரணம் நம்மிடம் இருக்கிறது. 2021 செப்டம்பரில் நீட் தேர்வையொட்டி மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டபோது, தேர்வெழுதிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்நாட்டு மாணவர்களை 104 சேவை மையத்தின் மூலம் ஆலோசகர்கள் தாமாகவே அழைத்துப் பேசினார்கள். மாணவர்களின் பட்டியல் கையில் இருந்தது. அழைக்க வேண்டும் என்ற முடிவும் இருந்தது. நடந்தது.

உப்பளத் தொழிலாளர்களுக்கும் பட்டியல் தயாராக இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை இறங்கினால் அளத்தில் வேலை நின்றுவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருமானமில்லாத அந்த நாட்களுக்காக, 2022 முதல் தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தருகிறது. பணம் போய்ச் சேரப் பெயர், ஊர், வங்கிக் கணக்கு எல்லாம் பதிவாகின்றன. கடன் ஏறுவதும் குடி கூடுவதும் வீட்டில் சண்டை முற்றுவதும் அதே மூன்று மாதங்களில்தான். பாதத்துப் புண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் ஓய்வு கிடைக்கிற காலமும் அதுவே. பரிசோதனைக்குப் போனால் கூலி போகாது.

நிவாரணம் வழங்கும்போதே சம்மதம் கேட்டு, அந்தப் பட்டியலை 104, 14416 ஆலோசகர்களிடம் கொடுக்கலாம். மாதம் ஒரு முறை, மாலை நேரத்தில், வீட்டுப் பெண்ணையும் தனியாகக் கேட்டு அழைக்கலாம். தூக்கம் எப்படி, கண் எப்படி, மாத்திரை இருக்கிறதா என்று கேட்டால் போதும். சிக்கல் தெரிந்தால் மறுநாள் மக்களைத் தேடி மருத்துவப் பணியாளர் அந்த வாசலுக்குப் போகட்டும். புதுக் கருவி எதையும் வாங்க வேண்டியதில்லை. கம்பியும் ஆளும் மாத்திரையும் ஏற்கெனவே இருக்கின்றன. அழைப்பின் திசையை மாற்றும் உத்தரவு ஒன்றுதான் பாக்கி. அதை அடுத்த மழைக்கு முன்பே போடலாம்.

--- பெட்டிச் செய்தி ---

குறித்து வையுங்கள்

மனச்சோர்வு, தூக்கமின்மை, குடிப்பழக்கம், தற்கொலை எண்ணம்: 14416 (கட்டணமில்லை, 24 மணி நேரம்)

மருத்துவ ஆலோசனை, மனநல ஆலோசனை: 104

ஆம்புலன்ஸ்: 108

ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு மையம், சென்னை: 044-24640050